குளிர்காலப் பறவைகளும் இளம் பார்வையாளர்களும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்கேற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஆண்டுதோறும் பருவமழை ஓயும் வேளையில், செப்டம்பர் மாதத்திலிருந்தே, இமயமலைக்கு வடக்கேயுள்ள நாடுகளிலிருந்து நீர்ப்பறவைகள் இந்தியாவை நோக்கி வரத் தொடங்குகின்றன. சைபீரியா, கஜகஸ்தான், மங்கோலியா, திபெத் ஆகிய பகுதிகளின் நீர்நிலைகள் உறைவதற்கு முன்னரே புறப்படும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, வரித்தலை வாத்து முதலியவை நம் நாட்டின் ஏரிகளிலும் சதுப்பு நிலங்களிலும் தங்கி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்பிச் செல்கின்றன. இவ்விருந்தினரைக் கண்டு மகிழ்வோரின் தொகை அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. ஆயினும் பறவையைப் பார்ப்பது ஒரு செயல். அதனை எண்ணுவது வேறொரு செயல். எண்ணியதைக் குறித்து வைத்து, அடுத்த ஆண்டு அதே கரையில், அதே வாரத்தில் மீண்டும் வந்து எண்ணுவது இவ்விரண்டினும் கடினமானது. பயன் மிகுந்ததும் அதுவே. இளைஞர்களை இப்பொழுதுபோக்கிற்கு வரவேற்பது பற்றிப் பேசும்போது, இந்த மூன்றாவது வேலையை மனத்திற்கொண்டே பேச வேண்டியுள்ளது.

பொருளியல் பயின்றோர்க்கு இது புதிய செய்தி அன்று. பயிர் விளைச்சலை மதிப்பிடுவதற்கும், குடும்பச் செலவை அறிவதற்கும் 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கப்பட்டபோது அதன் ஆற்றல், ஒரே முறையைத் திரும்பத் திரும்பக் கையாள்வதில்தான் இருந்தது. ஒருமுறை எடுத்த கணக்கு ஒரு செய்தி மட்டுமே. முப்பது ஆண்டுக் கணக்கு ஓர் அறிவு. நீர்ப்பறவைகளுக்கான அத்தகைய கணக்கெடுப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கி, பின்னர் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பாக விரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதத்தின் நடுவில் அது நடைபெறுகிறது. பறவைகள் பெரும்பாலும் இடம் பெயராமல் ஓரிடத்தில் தங்கியிருக்கும் காலம் அதுவாகையால், ஒரே பறவையை இரு இடங்களில் எண்ணிவிடும் பிழை குறைகிறது. அதனைச் செய்வோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அவர்களுக்கும் வயது ஏறுகிறது. அவர்கள் நின்ற கரையில் அடுத்து யார் நிற்பார் என்பதுதான் இன்றைய வினா.

பரத்பூர்

இவ்வினாவை ஆராய்வதற்கு ராஜஸ்தானிலுள்ள பரத்பூரைவிடப் பொருத்தமான இடம் அரிது. கேவலாதேவ் தேசியப் பூங்கா எனப்படும் அச்சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர்தான். அதன் நடுவே அமைந்த சிவன் கோவிலின் பெயரே பூங்காவுக்கு ஆயிற்று. இயற்கையான பள்ளத்தில் அணையும் மதகும் அமைத்து, பரத்பூர் அரசர்கள் வாத்து வேட்டைக்கென உருவாக்கிய நீர்நிலை அது. வேட்டை விருந்துகளில் எந்த நாளில், எந்தப் பிரபுவுக்காக, எத்தனை பறவைகள் வீழ்த்தப்பட்டன என்பதைக் கல்லில் பொறித்து வைத்துள்ளனர். 1938 நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோவுக்காக நடந்த வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்டன என்பது அக்கல் கூறும் செய்தி. பறவையியல் அறிஞர் சலீம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12. வைசிராயின் துப்பாக்கிகள் முழங்கிய அன்று அவருக்கு நாற்பத்திரண்டு வயது நிறைந்தது. வேட்டைக்காரர் செய்த ஒரே நன்மை, எண்ணி எழுதி வைத்ததுதான்!

1981இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஒடிசாவின் சிலிகா ஏரியுடன் சேர்ந்து, ராம்சர் ஒப்பந்தத்தின்கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற இந்தியாவின் முதல் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இவை யாவும் பெருமைக்குரியன. ஆனால் இப்பெருமைகளுக்கிடையே நிகழ்ந்த ஒரு துயரத்தை, வளர்ச்சிப் பணியில் ஈடுபட்டோர் மறத்தலாகாது. சுற்றிலுமுள்ள கிராமங்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் மேய்ந்து வந்தன. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடு எதுவும் முறையாகச் செய்யப்படாத நிலையில் கிராமத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

அக்காலத்தில் பறவை ஆர்வலர்களும் அத்தடையை வரவேற்றனர். எருமைகள் வெளியேறினால் பறவைகளுக்கு நல்லது என்பது அவர்களின் எண்ணம். நடந்தது வேறு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுக் காலம் அப்பூங்காவில் தங்கி நடத்திய ஆய்வு, எருமைகள் மேயாத நீர்ப்பரப்பில் ஒருவகை நீர்ப்புல் தடையின்றி அடர்ந்து பரவியதையும், திறந்த நீர் சுருங்கி வாத்துகளுக்கு இடம் குறைந்ததையும் காட்டியது. மேய்ச்சல் என்பது அவ்வமைப்பின் ஓர் உறுப்பாகவே இருந்திருக்கிறது. பின்னாளில் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துச் செல்ல அனுமதி அளிக்கப்பட்டது. அறிஞர்களின் நம்பிக்கையைத் திருத்தியது எது? ஆண்டுக்கு ஆண்டு, குளத்துக்குக் குளம் எடுத்த கணக்கு. அது இல்லாதிருப்பின் ஒரு தவறான கொள்கை, நல்லெண்ணத்தின் பெயரால் என்றென்றும் நிலைத்திருக்கும்.

கணக்கு எப்போதும் காப்பாற்றிவிடும் என்று சொல்வதற்கில்லை. 1960களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இருநூறு சைபீரியக் கொக்குகள் பரத்பூரில் குளிர்காலத்தைக் கழித்தன. பனிபோன்ற வெண்மையும் சிவந்த முகமும் கொண்ட அப்பறவையைக் காணவே பலர் அங்கே சென்றனர். ஆண்டுதோறும் எண்ணிக்கை தேய்ந்தது; 1990களின் நடுவில் ஒன்றுகூட வராத ஆண்டுகளும் இருந்தன. 2001-02 குளிர்காலத்தில் வந்த ஓர் இணையே கடைசி. இந்தியாவுக்கு வந்த கூட்டம் அத்துடன் அற்றுப்போயிற்று. கிழக்கே சீனத்தின் போயாங் ஏரிக்குச் செல்லும் கூட்டம் மட்டும் எஞ்சியுள்ளது. வரும் வழியில் நடந்த வேட்டையும் ஈரநிலங்களின் அழிவும் முதன்மைக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பரத்பூரில் அமர்ந்து எண்ணியவர்களால் ஆப்கானிஸ்தானத்தின் துப்பாக்கிகளைத் தடுக்க இயலவில்லை. ஆனால் இழப்பு எப்போது தொடங்கியது, எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதை உலகம் அறிந்தது அவர்களால்தான்.

அடுத்த சிக்கல் நீர். பூங்காவுக்கு ஆண்டுக்கு 55 கோடி கன அடி நீர் தேவை என மதிப்பிடப்பட்டுள்ளது. கம்பீர், பாணகங்கை ஆறுகளின் வெள்ளம் அஜான் அணையில் தேங்கி அங்கிருந்து பூங்காவுக்கு வந்தது. கரௌலி மாவட்டத்தில் கம்பீர் ஆற்றின் குறுக்கே பாஞ்சனா அணை எழுந்த பின்னர், மேலே உள்ள உழவர்களின் உரிமைக்கும் கீழே உள்ள பறவைகளின் தேவைக்கும் இடையே வழக்கு மூண்டது. 2003க்குப் பின் பல ஆண்டுகள் பூங்கா வறண்டது. இப்போது கோவர்தன் வடிகாலிலிருந்தும் சம்பல் ஆற்றிலிருந்தும் நீர் கொண்டுவரப்படுகிறது. ஆற்று வெள்ளத்துடன் மீன் குஞ்சுகளும் வந்து சேரும். குழாய் நீரில் அவ்வாறு வாரா. ஆகவே நீர் நிறைந்தும் மீன் தின்னும் பறவைகள் குறைந்திருக்கக் கூடும். இதனை அறிய நீர்மட்ட அளவுகோல் போதாது. கரையில் நின்று பாம்புத்தாராவையும் நாரையையும் எண்ணுகிற கண் வேண்டும்.

அந்தக் கண் எங்கிருந்து வரும்?

பரத்பூருக்குச் செல்வோரைப் பூங்காவினுள் அழைத்துச் செல்பவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள். வனத்துறையின் அனுமதி பெற்ற இவர்களுக்குப் பறவைகளை இனங்காணும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் இவர்களுள் உண்டு. ஆயினும் மிதித்துக்கொண்டே செல்லும்போது கருவேல மரப் பொந்தில் அசையாது உறங்கும் புள்ளி ஆந்தையைச் சுட்டிக் காட்டுவார்கள். அதன் ஆங்கிலப் பெயரையும் சொல்வார்கள். பயணி ஜெர்மானியர் என்றால் ஜெர்மன் பெயரையும் சொல்பவர்கள் உண்டு. பறவை நோக்குதல் என்பது கல்லூரிப் பட்டமும் விலையுயர்ந்த தொலைநோக்கியும் உடையோர்க்கே உரியது என்ற எண்ணத்திற்கு இவர்களைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. இவர்கள் கற்றது புத்தகத்தில் தொடங்கவில்லை. நாள்தோறும் ஒரே பாதையில், ஒரே பறவைகளை, அறிந்தவர் ஒருவரின் அருகிலிருந்து பார்த்ததில் தொடங்கியது.

ஒடிசாவில் சிலிகாவின் வடகரையிலுள்ள மங்களாஜோடி கிராமத்திலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. பறவைகளைப் பிடித்து விற்று வந்தவர்களே 2000ஆம் ஆண்டளவில் பாதுகாப்புக் குழு அமைத்து, படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆயினர். வேட்டைக்காரரின் கூரிய பார்வை வீணாகவில்லை. வேறு பயன் பெற்றது.

பம்பாயில் நிகழ்ந்த ஒரு வரவேற்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். சலீம் அலி சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கி போன்ற காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் வழக்கத்துக்கு மாறாக மஞ்சள் நிறம் தீட்டியது போலிருந்தது. வீட்டுப் பெரியவருக்கு அதன் பெயர் தெரியவில்லை. அச்சிறுவனை அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பினார். கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், காலனி ஆட்சி நிலவிய அந்நாளில், ஓர் இந்தியச் சிறுவனை அதட்டி அனுப்பவில்லை. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று இனங்காட்டினார். அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். 1985இல் வெளியான தன்வரலாற்று நூலுக்குச் சலீம் அலி அச்சிட்டின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். மில்லார்டுக்கு அன்று செலவானது சில மணி நேரம். நாட்டிற்குக் கிடைத்தது 1941இல் முதற்பதிப்பாக வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய கையேடும், ஒரு நூற்றாண்டின் ஆராய்ச்சியும்.

வருகிற சிறுவர் யாவரும் சலீம் அலி ஆகப் போவதில்லை. ஆகவும் வேண்டியதில்லை. நூறு பேரில் பத்துப் பேர் ஊர் ஏரியை இருபது ஆண்டுகள் விடாது எண்ணினால் போதும். 1960ஐ ஒட்டி ஜாஃபர் ஃபத்தேஅலி தொடங்கி நடத்திய பறவை நோக்குவோர் செய்திமடல், சைக்ளோஸ்டைல் தாள்களில் எளிய தோற்றத்துடன் வெளிவந்தது. சிற்றூர் ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் கண்டு எழுதியவை அதில் அறிஞர்களின் குறிப்புகளுக்குப் பக்கத்திலேயே அச்சாயின. புதியவர்க்கு அளிக்கத் தக்க மரியாதை அதுவே.

முதல் காலைப்பொழுது

புதிதாக வருவோரை வரவேற்பதில் நல்லெண்ணம் குறைவு என்று சொல்ல முடியாது. முறைதான் பல இடங்களில் தவறிவிடுகிறது. பேருந்து நிறையப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, நாற்பது பேரைக் கரையில் வரிசையாக நிறுத்தி, ஒலிபெருக்கியில் அறிமுக உரை நிகழ்த்தி, படம் எடுத்துத் திருப்பி அனுப்புவது விழாவாகுமே அன்றிப் பயிற்சி ஆகாது. ஓர் அனுபவசாலிக்கு நான்கைந்து பேருக்கு மேல் சேர்ந்தால் கடைசியில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

குளிர்காலம் தொடக்கநிலையாளருக்கு மிக உகந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வந்து இறங்கும் ஆண் வாத்துகள் இறகு உதிர்க்கும் பருவத்தில் இருப்பதால் பெட்டைகளைப் போலவே பழுப்பாகத் தோன்றும். அப்போது கற்கத் தொடங்குபவர், எல்லா வாத்தும் ஒன்றே என்று சலித்துவிடுவார். டிசம்பர், ஜனவரியில் ஆண் பறவைகள் முழு நிறம் பெற்றுவிடுகின்றன. தட்டைவாயனின் பச்சைத் தலையும் அகப்பை போன்ற அலகும், ஊசிவால் வாத்தின் கழுத்தோரம் ஏறும் வெண்கோடும் நீண்ட வாலும், கிளுவையின் சிறிய உருவும் வெறுங்கண்ணுக்கே பிடிபடும். இவற்றுக்கெல்லாம் முன்பாக நாமக்கோழியைக் காட்ட வேண்டும். உடல் முழுதும் கருமை, நெற்றியில் வெள்ளை நாமம். ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. முதல் அரைமணி நேரத்தில் ஒரு பறவையையாவது தாமே உறுதியாகச் சொல்லக் கூடிய நிலைக்கு வந்த இளைஞர் மறுநாளும் வருவார்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பரத்பூர் வட்டாரத்துச் சிறுவனுக்கு ஊசிவால் வாத்து சீங்க்பர், தட்டைவாயன் திதாரி, சக்ரவாகம் சக்வா. தமிழ்ச் சிறுவன் உள்ளானையும் நாரையையும் தன் சொல்லில் அறிவான். அவனிடம் முதல் நாளே ஆங்கிலப் பட்டியலைத் திணிப்பது, அவன் ஏற்கெனவே அறிந்ததை அறியாமை என்று கூறுவதற்கு ஒப்பாகும். ஊர்ப் பெயரில் தொடங்கி, பிறகு அனைத்துலகப் பெயருக்குச் செல்வதே நெறி. படிவத்தில் எழுதும்போது ஒரே இனத்துக்கு ஒரே பெயர் தேவைப்படும். அதைக் கற்க ஒரு பருவம் போதும்.

வட இந்தியாவில் ஜனவரி மாதக் காலைகளில் பனிமூட்டம் ஒன்பது மணிவரை விலகாத நாட்கள் உண்டு. ஆர்வ மிகுதியால் ஐந்து மணிக்கே பிள்ளைகளை எழுப்பி அழைத்துச் சென்று, வெண்திரையின் முன் நடுங்கவிடுவதில் பயன் இல்லை. பனி விலகிய பின், கதிரவன் முதுகுப்புறம் இருக்கும் கரையைத் தேர்ந்து நின்றால் நிறங்கள் தெளியும். எண்ணும் முறை எளிது. கூட்டத்தின் ஒரு மூலையில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அப்பத்து நீரில் அடைக்கும் அகலத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ள வேண்டும். அவ்வகலத்தை அடுத்தடுத்து வைத்து நூறு வரை சென்று, பின்னர் நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனை வரை நகரலாம். பழக்கமில்லாதவர் பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுவர். இருவர் தனித்தனியே எண்ணி, விடையை ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுதிப் பின் ஒப்பிட்டால் கண் விரைவில் பண்படும்.

வழக்கமாக மூத்தவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, புதியவர் நோட்டில் எழுதுவார். இது நல்ல ஏற்பாடே. பெயர்கள் நூறு முறை காதில் விழுகின்றன. ஆனால் மூன்றாண்டு கழிந்தும் அவர் எழுத்தராகவே இருப்பாரானால் அங்கே கற்பித்தல் நடக்கவில்லை, ஊழியம் நடக்கிறது. அரைமணிக்கு ஒருமுறை தொலைநோக்கியும் நோட்டும் கை மாற வேண்டும். மாணவிகள் பெருமளவில் வர வேண்டுமானால் அழைப்பு மட்டும் போதாது. இருட்டும் முன் வீடு திரும்பும் வண்டி, கழிப்பறை, உடன் வரும் ஆசிரியை ஆகியவை முன்னதாகவே ஏற்பாடாகி இருத்தல் வேண்டும். நிழற்படக் கருவியுடன் வரும் இளைஞர்களைக் கண்டு மூத்தோர் முகம் சுளிப்பதுண்டு. படத்துக்காகப் பறவையை விரட்டினால் கண்டிக்கலாம். கருவி வைத்திருப்பதற்காக அன்று.

சாதாரணப் பறவையின் மதிப்பு

புதியவர்களிடம் காணப்படும் வேறொரு மனப்பாங்கு, அரிய பறவையைத் தேடி ஓடுவது. மூத்தோர் சிலரும் இதனை வளர்த்துவிடுகின்றனர். எத்தனை இனம் பார்த்தாய் என்ற கேள்வியே முதலில் எழுகிறது. எத்தனை தட்டைவாயன் இருந்தன என்று கேட்பவர் குறைவு. கவலைக்குரிய செய்தி இங்கேதான் உள்ளது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023இல் வெளியான அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த மூன்று கோடிக்கு மேற்பட்ட பதிவுகளிலிருந்து 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றுள் 204 குறைந்துள்ளன. குறைந்தவற்றுள் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை ஆகிய மூன்றும் உள்ளன! தொடக்கநிலையாளருக்கு முதற்பாடமாகக் காட்டப்படும் பறவைகளே இவை. மின்கம்பியில் அமர்ந்து யாவரும் கண்டு பழகிய பனங்காடையும் தேய்ந்து வருகிறது.

சைபீரியக் கொக்கு இருநூறிலிருந்து இரண்டாகக் குறைந்ததை யாவரும் கவனித்தனர். அது பெரிய வெண்பறவை, எண்ணிக்கையும் சிறிது. ஐயாயிரம் கிளுவை நாலாயிரமாகக் குறைவதைக் கரையில் நிற்பவரின் கண் உணராது. அடுத்த ஆண்டும் ஏரி நிறைந்தே தோன்றும். தொடர்ந்த எண்ணிக்கை மட்டுமே அதனைக் காட்டும். அரிய பறவையைக் காண வல்லுநர் வேண்டும். சாதாரணப் பறவையை எண்ணுவதற்கு ஒரு பருவம் பயின்ற மாணவர் போதும். ஆகவே இளைஞருக்கு அளிக்கப்படும் இவ்வேலை, சிறுவர்க்கென ஒதுக்கிய விளையாட்டு வேலை என்று கருதுவது பிழை. நாட்டிற்கு இன்று மிகவும் தேவைப்படும் தரவு அதுவே.

எங்கே எண்ணுவது என்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பறவை மிகுந்த புகழ்பெற்ற இடங்களுக்கே எல்லோரும் சென்றால் நாட்டின் சராசரி நிலை வெளிப்படாது. ஊருக்குப் பின்னால் உள்ள, யாரும் பாராத குளமும் கணக்கில் வர வேண்டும். அது இவ்வாண்டு வறண்டு கிடந்தால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யம் எழுதுவதற்குப் பிள்ளைகள் தயங்குவார்கள். ஒன்றும் காணாமல் வந்தது தோல்வி என்று நினைப்பார்கள். வறண்ட குளத்தின் பூஜ்யமும் ஒரு பதிவே என்பதை முதல் ஆண்டிலேயே சொல்லிவிடல் நன்று.

அலுவலர்களின் பங்கு

இவ்வெண்ணிக்கைகள் அரசின் கோப்புகளில் என்ன செய்கின்றன என்று மாணவர்கள் வினவலாம். ராம்சர் ஒப்பந்தத்தின் அளவுகோல்களுள் ஒன்று, ஒரு நீர்நிலை வழக்கமாக இருபதாயிரம் நீர்ப்பறவைகளுக்கு இடமளிக்க வேண்டும் என்பது. மற்றொன்று, ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்காவது அங்கே இருத்தல் வேண்டும் என்பது. 2024 ஆகஸ்டில் இந்தியாவில் இத்தகைய தகுதி பெற்ற ஈரநிலங்கள் 85 ஆக இருந்தன. பின்னரும் சில சேர்ந்துள்ளன. எண்ணிக்கை இல்லாத ஏரிக்கு இவ்வாயில் திறவாது. வீட்டுமனையாகக் கேட்கப்படும் ஒரு சதுப்பு நிலம் தரிசு அன்று என்று மாவட்ட ஆட்சியர் முன் நிறுவுவதற்கும், பத்தாண்டு ஜனவரிக் கணக்கைக் காட்டிலும் வலுவான சான்று எளிதில் கிடைப்பதில்லை.

இதற்கெனப் புதிய துறையோ பெருஞ்செலவோ தேவையில்லை. நாட்டு நலப்பணித் திட்டமும், பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையும் முன்னரே உள்ளன. மரம் நடுவதும் ஊர்வலம் செல்வதும் நல்ல செயல்களே. ஆண்டில் ஒருநாள் ஏரிக் கணக்கையும் அவற்றோடு சேர்க்கலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. பண்டிகைக்கு ஊர் திரும்பும் மாணவர் தம் ஊர்க் குளத்தையே எண்ணுகிறார் என்பது அதன் சிறப்பு. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகளவில் நடைபெறும் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியரும் பங்குகொள்கின்றனர். கல்லூரி வளாகங்கள் அதில் பெரிதும் ஈடுபடுகின்றன. நான்கு தொலைநோக்கிகளைப் பள்ளி ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் சேர்ப்பது தலைமையாசிரியரின் அதிகாரத்துக்கு உட்பட்டதே. அவை பீரோவில் பூட்டப்படாமல் மாணவர் கைக்குச் செல்வதற்குத்தான் கொஞ்சம் துணிவு வேண்டும்.

பரத்பூரின் மதிலுக்கு வெளியேயுள்ள கிராமங்களின் பிள்ளைகளை இதில் முதலில் சேர்க்க வேண்டும். அவர்களுடைய பாட்டனார் எருமை மேய்த்த நிலம் அது. அவர்களுக்கு அப்பூங்கா இழந்த மேய்ச்சல் தரையாகவும், விளைச்சலை அழிக்கும் காட்டுப்பன்றி வெளிவரும் இடமாகவும் மட்டுமே தெரிந்திருக்குமானால், அடுத்த நீர்த்தகராறில் அவர்கள் எப்பக்கம் நிற்பார்கள் என்று வியக்க வேண்டியதில்லை. டெல்லியிலிருந்து வரும் மாணவருக்கு அப்பூங்கா ஒருநாள் பயணம். மதிலருகே வாழும் சிறுவன் ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பவன். மதகில் நீர் வந்த நாளையும், வரித்தலை வாத்து வயலில் இறங்கிய மாலையையும் அவனே முதலில் அறிவான். கணக்கெடுப்பு நாளில் அவனை நுழைவாயிலில் சீட்டுக் கேட்டு நிறுத்துவது முறையாகாது.

1960களில் பரத்பூரில் வாத்துகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு உலோக வளையம் பூட்டிப் பறக்கவிட்டனர். பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்கவும் என்று அவ்வளையத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். சோவியத் நாட்டின் தொலைதூர ஏரிகளில் வேட்டையாடியவர்கள் அதனைக் கண்டு கடிதம் எழுதினர். எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு விடை கிடைத்தது அவ்வாறுதான். ஊர் பேர் தெரியாத ஒருவர் தாம் கண்ட எண்ணை ஒழுங்காக எழுதி அனுப்பியதால் அறிவு வளர்ந்தது.

வரும் ஜனவரியில் முதன்முறையாகக் கரைக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. கணக்கெடுப்புப் படிவத்தில் இனங்களின் பெயர்களோடு, இனம் அறிய இயலாத வாத்துகள் என்று எழுதவும் இடம் உண்டு. தொலைவில், எதிர்வெயிலில், பழுப்புப் பெட்டைகளின் கூட்டமொன்று மிதக்கும்போது அனுபவசாலிகளும் அவ்விடத்தில்தான் எண்ணை எழுதுகின்றனர். ஊகித்து ஒரு பெயரை எழுதாமல், அங்கே முந்நூறு என்று எழுதிவிட்டு அடுத்த கூட்டத்திற்குச் செல்லலாம்.